இவருடைய வேண்டுதல்

மே 5, திங்கள்
புதுச்சேரி. ஆஸ்பத்திரி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எழுதுகிறேன். மகள் தேன்மொழிக்குக் காலையில் வலிப்பு வந்துவிட்டது. பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. போன வாரமே கால் வீங்கியிருந்தது, தலைவலி என்றும் சொன்னாள். ரத்தக் கொதிப்பு கூடிவிட்டதாம். குழந்தையை உடனே எடுத்தால்தான் இரண்டு பேரையும் காப்பாற்ற முடியும் என்றார் டாக்டர். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

இவர், தேன்மொழியின் அப்பா, பெஞ்சில் உட்காரவே இல்லை. சுவரோரமாக நின்றுகொண்டிருக்கிறார். "உக்காருங்க, கால் வீங்கும்" என்றேன். காதில் விழவில்லை.

மாலை: பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். எங்கள் மகள் இன்னும் கண் திறக்கவில்லை.

மே 6, செவ்வாய்
பக்கத்து பெஞ்சில் இருந்த அம்மாள் வாய்க்குள்ளேயே சாமி பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நானும் கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. வாரம் தவறாமல் திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போகிறவள் நான். "தாயே" என்ற ஒரு சொல்கூட வரவில்லை. பையில் பழைய வினாத்தாள் ஒன்று கிடந்தது. எடுத்து அதில் ஒரு கணக்கைப் போட்டேன். சாய்தளத்தில் உருளும் கோளம். விடை சரியாக வந்தது.

இவரைக் காணோமே என்று தேடினேன். மாடிப்படிக்குக் கீழே, சுவரில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடி நின்றிருந்தார். பாவம், நின்றபடியே தூங்குகிறார் என்று நினைத்தேன்.

மே 8, வியாழன்
"அம்மா, தண்ணி" என்றாள். தேனு பேசிவிட்டாள்.

மே 18, ஞாயிறு
வீட்டுக்கு வந்துவிட்டோம். தாயும் மகளும் முன் அறையில். குழந்தை இரண்டு கிலோவைத் தொட்டுவிட்டது. அழுதால் பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது. நாள் முழுக்கத் துணி துவைத்தேன், வெந்நீர் வைத்தேன், பூண்டு உரித்தேன். மாப்பிள்ளை லீவு முடிந்து சென்னைக்குப் புறப்பட்டுப் போனார்.

இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதுமில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார்.

மே 19, திங்கள்
இப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார். "வேதா, அம்மன் கோயில்ல காப்பு எப்பக் கட்டுறாங்க?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "ஏன், நீங்க கட்டிக்கப் போறீங்களா?" என்றேன்.

"ஆமா. தீ மிதிக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்."

கையில் இருந்த குழந்தைத் துணி கீழே விழுந்தது.

இவர் யார் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இது எப்படிப்பட்ட பேச்சு என்று புரியும். மாமனார் கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டுவதா வேண்டாமா என்பதற்கே இரண்டு வீட்டுக்கும் பெரிய சண்டை. இவரும் அப்பா மாதிரியேதான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகும் வரைக்கும் ஆயுத பூஜைக்குக்கூட நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் என்னைக் கோயிலில் கொண்டுபோய் விடுவார். எதிரே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் வெளியே வந்தால், "என்ன சொல்றா உங்க அம்மன்?" என்பார். "உங்களத்தான் விசாரிச்சா" என்பேன். முப்பது வருஷமாக அப்படித்தான் போகிறது.

நான் இயற்பியல் டீச்சர். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வெப்பக் கடத்தல் நடத்தும்போது தீமிதியைத்தான் சொல்வேன். கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் நொடி நேரம்தான் படும், அதனால் சுடுவதில்லை என்பேன். தீமிதி முடிந்ததும் அதே குண்டத்துச் சாம்பலை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வேன். "உனக்கு மட்டும் ரெண்டும் எப்படி ஒத்துப்போவுது?" என்று கிண்டல் செய்வார். எனக்கு அதில் இடிக்கிற மாதிரி எதுவும் தோன்றியதே இல்லை. காலைச் சுடாததற்குக் கரி காரணம். இறங்குகிற தைரியத்துக்கு அவள் காரணம்.

ஆனால் இவருக்குப் பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. இரண்டு பாதமும் மரத்துப்போய்விட்டன. போன வருஷம் செருப்புக்குள் கண்ணாடித் துண்டு இருந்தது தெரியாமல் நாள் முழுக்க நடந்தார். தரையில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். சுடுவது தெரிந்தால்தானே மனிதன் காலைச் சட்டென்று எடுப்பான்?

இதையெல்லாம் சொன்னேன். "தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

மே 20, செவ்வாய்
விடிந்ததிலிருந்து சண்டை. தேனுவுக்குக் கேட்கக் கூடாது என்று கிணற்றடியில் நின்று மெதுவாகச் சண்டை போட்டோம்.

"அம்மனே கேக்கல. நீங்களா எதுக்குக் குடுக்கணும்?"

"குடுத்தாச்சு. புள்ள கண்ணு முழிச்சா எறங்குறேன்னு சொன்னேன். முழிச்சிட்டா."

"டாக்டர் மருந்து குடுத்தாரு, முழிச்சா."

"இத நீ சொல்றியா?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன கோபம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருஷம் வாசலோடு நின்றவர், ஒரே நாளில் உள்ளே போய் என் அம்மனோடு பேரம் பேசிவிட்டு வந்திருக்கிறார். அவளும் கேட்டுக்கொண்டாளாம்.

மே 22, வியாழன்
சர்க்கரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் மெல்லிய நைலான் நூலைப் பாதத்தில் வைத்து அழுத்தினார். "தெரியுதா சார்?" தெரியவில்லை. விரல் நுனியில் வைத்தார். அங்கேயும் தெரியவில்லை. "அப்ப நெருப்பும் தெரியாது. வெந்துபோனா புண்ணு ஆறாது. விரல எடுக்க வேண்டி வரும், அதுக்கு மேலயும் போவலாம்" என்றார்.

வெளியே வந்து இளநீர்க் கடைப் பக்கம் மர நிழலில் நின்றோம். "கேட்டீங்க இல்ல?" என்றேன்.

குனிந்து காலைப் பார்த்தபடி சொன்னார். "நம்பாம இருந்தப்ப தைரியமா இருந்தேன் வேதா. இப்ப பயமா இருக்கு. செய்யாம விட்டு, அந்தப் புள்ளைக்கு எதாவது ஆயிட்டா?"

அதுவரை எனக்கு இது புரியவில்லை. இவருக்கு வந்திருப்பது பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 24, சனி
பூசாரி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "டீச்சரம்மா, காலுக்கு நல்லா மஞ்சத்தண்ணி ஊத்தி எறக்குறோம். மத்தத அம்மா பாத்துக்குவா. எத்தன வருசமா பாக்குறீங்க, யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருக்கா?" என்றார்.

ஆகியிருக்கிறது. மூன்று வருஷம் முன்னால் மேலத்தெரு சைக்கிள் கடைக்காரர் இரண்டு மாதம் படுத்திருந்தார். அதை நினைவுபடுத்தினேன். "அவன் விரதம் சுத்தமில்ல" என்றார் பூசாரி.

அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நானும்தான் சொல்கிறேன். ஆனால் இவர் காலைப் போட்டு அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனசில்லை. இது நம்பிக்கைக் குறைவா? வழி முழுக்க யோசித்தேன். குறைவாகவே இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் பட்டது.

வீட்டுக்கு வந்து, "உங்களுக்குப் பதிலா நான் எறங்குறேன்" என்றேன். "சொன்னது நானு" என்று எழுந்து போய்விட்டார்.

மே 27, செவ்வாய்
காப்புக் கட்டிக்கொண்டார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. மஞ்சள் வேட்டி. தெருவே வேடிக்கை பார்த்தது. பழைய சிநேகிதர் ஒருவர் டீக்கடையிலிருந்து, "என்ன தோழரே, உங்கப்பா பாத்தா என்ன சொல்வாரு?" என்று கேட்டாராம். இவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார்.

நான் சோறு மட்டும் போட்டேன்.

மே 31, சனி
விரதம் என்று ஒரு வேளைதான் சாப்பிடுகிறார். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டிருக்கிறார். கோயில் பந்தலில் பாரதம் கேட்கப் போனவருக்கு அங்கேயே வேர்த்து, நாக்குக் குழறிவிட்டது. ஆள் வந்து சொன்னதும் செருப்பில்லாமல் ஓடினேன். சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து வாயருகே கொண்டுபோனால், "விரதம்" என்று முகத்தைத் திருப்புகிறார். தாடையைப் பிடித்து ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்தார்.

தேனுவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "எனக்காகத்தான்னா வேணாம்பா. கால் இல்லாத அப்பா எனக்கு வேணாம்." இவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். சரி என்று சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள்
பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. புது வகுப்பு, புது முகங்கள். பாடம் நடத்தினேன். எந்தப் பாடம் என்று இப்போது ஞாபகமில்லை.

ஜூன் 6, வெள்ளி
தீமிதி.

காலையில் பாரதக் கூத்தில் துரியோதனன் சாயும் படுகளம் முடிந்தது. மத்தியானத்திலிருந்து கட்டை எரிந்து, நாலு மணிக்கெல்லாம் குண்டம் சிவந்துவிட்டது. நீளமான மூங்கிலால் கரியைத் தட்டிப் பரப்பினார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போதே முகம் காந்தியது. காப்புக் கட்டியவர்கள் குளத்தில் முழுகிவிட்டு ஈரத் துணியோடு மேளத்தோடு வந்தார்கள். இவர் ஆறாவதோ ஏழாவதோ ஆள். ஈர வேட்டியில் ரொம்பச் சின்ன ஆளாகத் தெரிந்தார். கண் குண்டத்தைப் பார்க்கவில்லை, வேறெங்கோ இருந்தது.

கோயில் வாசலில் நின்று அம்மனிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, பிறகு இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வந்திருந்தேன். கூட்டத்தில் நகரவே முடியவில்லை. பூசாரி கரகத்தோடு இறங்கிவிட்டார். அடுத்த ஆள் இறங்கினார். வரிசை நகர்ந்தது.

என்னையறியாமல் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டேன். கத்தினேன்.

"எறங்காத! நீ எறங்கக் கூடாது!"

அதற்கப்புறம் கருவறைப் பக்கம் திரும்பினேன். "செல்லாது! அவன் சொன்ன வாக்கு செல்லாது! பயத்துல சொன்னான். பயந்தவங்கிட்ட வாக்கு வாங்குறவளா நீ? கோவம்னா எங்கிட்ட வா! எங்கிட்ட வா!"

கொண்டை அவிழ்ந்து விழுந்திருந்தது. மேளம் நின்றுவிட்டது. யாரோ ஒரு பெண் வீறிட்டாள்: "அம்மா வந்துட்டா! டீச்சர் மேல அம்மா வந்துட்டா!"

ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் என் தலையில் கொட்டியது. சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த கரையிலிருந்து பூசாரி ஓடி வந்தார். முப்பது வருஷத்தில் இவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அது ஊருக்கே தெரியும். நானா இவரை "எறங்காத" என்பேன்? அவள்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று அத்தனை பேரும் முடிவு செய்துவிட்டார்கள். அம்மனைப் பார்த்து நான் கத்தியது மேளச் சத்தத்தில் யார் காதில் எப்படி விழுந்ததோ.

"தாயே, உத்தரவு" என்று என்னைக் கும்பிட்டார் பூசாரி. இவர் மணிக்கட்டைப் பிடித்துக் கயிற்றை அவிழ்த்தார். "அம்மாவே வேணான்னு சொல்லிட்டா. நீங்க வீட்டுக்குப் போங்க."

நான் வாயைத் திறந்து, இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். திறக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட இவர் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இவர் கை சில்லென்றிருந்தது.

ஜூன் 7, சனி
எழுந்ததிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி கொடுத்தேன். முகத்தில் பல நாளாக இல்லாத தெளிவு. இட்லி ஒன்று கூடுதலாகக் கேட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமலேயே கேட்டார். "வேதா, நேத்து பேசுனது நீயா, அவளா?"

அவள்தான் என்று சொல்லிவிட்டால் போதும். இந்தத் தெளிவு அப்படியே இருக்கும். ராத்திரி தூங்குவார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"நான்தான்" என்றேன்.

முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

"அப்ப உத்தரவு எதுவும் இல்ல."

"இல்ல."

"அப்ப எத நம்பி நான் கயித்த அவுக்க விட்டேன்?"

"அவள நம்பி."

"அவ ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லணுமா? உங்க கால வாங்கிக்கிட்டுதான் அந்தப் புள்ளய விடணும்னு நெனைக்கிறவளா இருந்தா, இத்தன வருசம் நான் போயி நின்னிருக்க மாட்டேன்."

"உனக்கு உறுதியா தெரியுமா?"

"தெரியாது. நம்புறேன்."

சாப்பிட்ட தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆஸ்பத்திரில நீ எவ்ளோ வேண்டிக்கிட்டியோ. நான்தான் பயந்துபோயி இப்படி..." என்றார்.

"நான் ஒண்ணும் வேண்டிக்கல. வாயே வரல. உக்காந்து கணக்குப் போட்டேன்."

"கணக்கா?"

"சாய்தளத்துல கோளம் உருளுது. அடியில வரும்போது வேகம் என்ன?"

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்.

ஜூன் 11, புதன்
தெருவில் இரண்டு பெண்கள் என் காலில் விழ வந்தார்கள். "நான் பேசுனதுதான், அம்மா வரல" என்றேன். நம்பவில்லை. தன்னடக்கம் என்கிறார்கள்.

இவர் அரைத் தூக்கம்தான் தூங்குகிறார்.

ஜூன் 16, திங்கள்
குழந்தைக்குத் தடுப்பூசி. தொடையில் குத்தியதும் ஒரு நொடி யோசித்துவிட்டு அழுதாள்.

ஜூன் 17, செவ்வாய்
மூன்றாவது பீரியடில் போன் வந்தது. குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது, பால் குடிக்கவில்லை. குறைமாதக் குழந்தை என்பதால் டாக்டர் உடனே சேர்த்துக்கொண்டு ரத்தம் எடுத்திருக்கிறார். தடுப்பூசிக் காய்ச்சலாக இருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், முடிவு வந்தால்தான் தெரியும் என்றாராம்.

தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வரும். அது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது காதில் கேட்டதெல்லாம் என் குரல்தான். எங்கிட்ட வா, எங்கிட்ட வா என்று கத்தினேனே, என்னிடம் வருவதென்றால் அம்மன் எந்த வழியாக வருவாள்?

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தைக்குத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். துணியை எடுக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் போய் ஒரு மஞ்சள் துணியை விரித்து, நடுவில் காசை வைத்து முடிச்சுப்போட ஆரம்பித்தேன். என்ன வேண்டிக்கொள்ள இருந்தேன் என்பதை எழுத மாட்டேன். சின்னதாக இல்லை.

"என்ன பண்ற?"

இவர் என் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்."

பக்கத்தில் வந்து கீழே உட்கார்ந்தார். என் விரலை ஒவ்வொன்றாக விலக்கி, முடிச்சைப் பிரித்தார். "வேணாம் வேதா. கேக்கறத கேளு. இத தரேன், அத தரேன்னு மட்டும் சொல்லாத. நான் சொல்லிட்டுப் பட்டது போதும்."

"ஒண்ணும் தராம எப்படிக் கேக்கறது?"

"எனக்கென்ன தெரியும்? உனக்குத்தான அவள தெரியும்."

எதிரே படம். மடியில் பிரித்துப்போட்ட துணி. "குழந்தையப் பாத்துக்கோ" என்றேன். அதற்கு மேல் சேர்க்க எதையோ வாய் தேடியது. சேர்க்கவில்லை. வெறுங்கையோடு நிற்கிற மாதிரி இருந்தது. இவர் கை கூப்பவில்லை. எழுந்து போகவும் இல்லை.

பிறகு குழந்தையின் துணிகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஜூன் 19, வியாழன்
நேற்று மத்தியானம் காய்ச்சல் விட்டது. ரத்தத்தில் கோளாறு எதுவும் இல்லை. தடுப்பூசிக் காய்ச்சல்தான். இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

காய்ச்சல் விட்டிருக்காவிட்டால் இந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருப்பேன் என்று யோசிக்கிறேன். அவளைத் திட்டியிருப்பேனா, என்னையா? இவர் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன்? தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதுவதற்கில்லை. குழந்தை பிழைத்ததால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடாது. அதுவும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பால் குடித்தாள். வயிறு நிறையக் குடித்தாள். தேனு குளிக்கப் போனதால் இவர் வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது இரண்டு பேரும் தூங்கிவிட்டிருந்தார்கள். குழந்தை இவர் மார்பில் குப்புறக் கிடந்தாள். இவர் வாய் லேசாகத் திறந்து, நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கிட்டே போனேன். குழந்தையின் முதுகு ஏறி இறங்குவது அவள் மூச்சிலா, இவர் மூச்சிலா என்று தெரியவில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். வைத்தால் விழித்துக்கொள்வாள். இவரும் விழித்துக்கொள்வார்.

கையை எடுத்துக்கொண்டேன். ரசத்துக்குப் புளி கரைக்க வேண்டியிருந்தது. உள்ளே போனேன்.